பேய்க்கதை சொல்லலாமா, அக்கா?

சமய வகுப்புகளிலும் கோயில் நிகழ்ச்சிகளிலும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்களுக்காக இந்தப் பாடத்தை எழுதுகிறேன். இதில் பாதி நான் படித்துத் தெரிந்துகொண்டது. மீதி, தப்பு செய்து தெரிந்துகொண்டது. ரெண்டாவது பாதிதான் உங்களுக்கு அதிகம் உதவும்னு நினைக்கிறேன்.

நான் கோத்தா திங்கிக்காரி. ஸ்கூடாயில் மின்னியல் பொறியியல் படிக்கிறேன். வார விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் கோயில் மண்டபத்தில் நடக்கும் சமய வகுப்புக்குப் போவேன். பெரிய பிள்ளைகளுக்கு டீச்சரம்மா தேவாரம் சொல்லிக் கொடுப்பார். பத்து வயசுக்குக் கீழே இருக்கும் 18 பிள்ளைகள் என் பொறுப்பு. அவர்களுக்குக் கதை நேரம்.

2024-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31-ஆம் தேதி வந்தது. அதே நாள்தான் ஹாலோவீன். ஜொகூர் பாருவில் உள்ள பேரங்காடிகளில் ஒரு பக்கம் கோலமும் குத்துவிளக்கும், இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் பூசணியும் எலும்புக்கூடும். பல பிள்ளைகளின் அப்பா அம்மா சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள். அங்கே பார்த்ததை வீட்டில் வந்து சொல்லியிருப்பார்கள். பாலர் பள்ளியில் சூனியக்காரி தொப்பி செய்தோம் என்று ஒரு குட்டிப்பெண் என்னிடம் காட்டினாள். பிறகு எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள்: "அக்கா, நம்ம வகுப்புல ஹாலோவீன் இல்லையா? பேய்க்கதை சொல்லுங்கக்கா!"

செயலவையில் இருக்கும் பெரியவர் ஒருவர், "நமக்கெதுக்கும்மா வெள்ளைக்காரன் பேயி? நம்ம பேயே நமக்குப் போதும்" என்றார். அவர் சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தை என் மனதில் நின்றுவிட்டது. நம்ம பேய் என்றால் யார்? அதைத் தேடப் போனேன்.

முதலில், ஹாலோவீன் என்றால் என்ன?

அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் வாழ்ந்த கெல்ட் மக்களுக்கு அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் ஒரு பண்டிகை இருந்தது. சம்ஹைன் என்று எழுதி, சௌ-இன் என்பதுபோல் உச்சரிப்பார்கள். அந்த இரவில் இறந்தவர்களின் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் நடுவிலுள்ள கதவு திறக்கும் என்று நம்பினார்கள். பிறகு கிறிஸ்தவ சமயத்தில் நவம்பர் 1 எல்லாப் புனிதர்களுக்கும் உரிய நாளானது. அதற்கு முந்தின மாலை என்ற பொருளில்தான் ஹாலோவீன் என்ற பெயர் வந்தது. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைப்பார்கள். 1840-களின் பஞ்சத்தில் பிழைப்பு தேடி அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ் மக்கள் இந்தப் பழக்கத்தையும் கொண்டுபோனார்கள். அங்கே பூசணி பெரிசாகக் கிடைத்தது, குடைவதற்கும் சுலபம். கிழங்கு போய்ப் பூசணி வந்தது இப்படித்தான்.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இது அவ்வளவு அந்நியமான விஷயம் இல்லை. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்கு உணவு படைத்து, செண்டுமல்லிப் பூவால் அலங்கரிப்பார்கள். நாம் மாலை கட்டும் அதே செண்டுமல்லிதான். அந்தச் செடிக்குப் பிறந்த வீடே மெக்சிகோ பக்கம். நம் தாமானிலேயே சீனர்கள் ஏழாம் மாதத்தில் சாலையோரம் ஊதுபத்தி ஏற்றி உணவு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு மகாளய பட்சம் இருக்கிறது. மலேசியாவில் நம் வீடுகளில் தீபாவளிக்கு முந்தின நாள் இறந்துபோனவர்களுக்கு இலை போட்டுப் படையல் வைக்கிறோம். வெளிச்சம், உணவு, போனவர்களின் நினைவு: இந்த மூன்றும் எல்லா இடத்திலும் இருக்கு. ஹாலோவீன் கடைத்தெருவுக்கு வந்தபோது நினைவு உதிர்ந்து, பயமும் மிட்டாயும் மட்டும் மிச்சமாகிவிட்டது.

முதல் வாரம்: நான் செய்த தப்பு

இவ்வளவு படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? படித்ததை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பயமுறுத்தினேன்.

அக்டோபர் 19, சனிக்கிழமை. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. மாலை 7.15-க்குக் கதை நேரத்தைத் தொடங்கினேன். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. மண்டபத்தின் விளக்குகளை அணைத்தேன். ஒரு சின்ன ஒலிபெருக்கியில் காற்று ஊளையிடும் சத்தம், கதவு கிறீச்சிடும் சத்தம் எல்லாம் தயார். செம்பனைத் தோட்டத்தில் ராத்திரி தனியாகப் போன ஒருவரைப் பொந்தியானாக் துரத்தும் கதை. பொந்தியானாக்கை நாம் தமிழர்கள் அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை. 1957-ல் வெளிவந்து மக்களைக் கூட்டம் கூட்டமாகத் திரையரங்குக்கு இழுத்த "பொந்தியானாக்" மலாய்ப் படத்தை இயக்கியவரே இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ்தான்.

பெரிய பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். எனக்கோ பெருமை. கடைசியில் டார்ச் லைட்டை என் முகத்துக்குக் கீழே பிடித்து "ஆ!" என்று கத்தினேன். ஐந்து வயசுப் பையன் ஒருவன் அழ ஆரம்பித்தான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். விளக்கைப் போட்டபோது அவன் நனைந்த பாயில் உட்கார்ந்திருந்தான். அவனைத் தூக்கப் போனேன். என்னிடம் வரவே மாட்டேன் என்றுவிட்டான். அவன் பாட்டி வந்து அழைத்துப் போனார். என்னைத் திட்டவில்லை. "பாவம்மா, சின்னப் புள்ள" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அதைவிடப் பெரியது இனிமேல்தான். எல்லோரும் போன பிறகு ஆறு வயசுப் பிள்ளை ஒருவன் மட்டும் தூண் பக்கத்தில் அம்மாவுக்காகக் காத்திருந்தான். அழவில்லை. அமைதியாக வந்து கேட்டான்:

"அக்கா, செத்துப்போனவங்கதான் பேயாவாங்களா?"

"கதையில அப்படிச் சொல்லுவாங்கய்யா."

"அப்போ எங்கப்பாவும் பேயா?"

அவன் அப்பா அந்த வருஷம் இறந்திருந்தார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கதை சொல்லும்போது ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை. வாயே வரவில்லை.

பக்கத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த டீச்சரம்மா வந்து அவன் முன்னால் கீழே உட்கார்ந்தார். "இல்லய்யா. உங்கப்பா பேயில்ல. தீபாவளிக்கு முந்தின நாள் வீட்டுல இலை போட்டுப் படைப்போமே, யாரைக் கூப்பிடுறோம்? போன வருஷம் உங்கப்பா யாரைக் கூப்பிட்டாரு?"

"தாத்தாவ."

"ஆமா. நமக்குப் பயமா இருக்கிற ஆளைச் சாப்பிடக் கூப்பிடுவோமா? ஆசையா இருக்கிற ஆளைத்தானே கூப்பிடுவோம்? இந்த வருஷம் உங்கப்பாவைக் கூப்பிடப்போறீங்க."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்பாவுக்கு மீ கோரிங் புடிக்கும். இலையில வைக்கலாமா?"

"தாராளமா வைக்கலாம்."

அன்றிரவு டீச்சரம்மா எனக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தார். திருக்குறளில் இல்வாழ்க்கை என்ற அதிகாரத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னார். குடும்பத்தில் வாழ்கிறவன் பேண வேண்டிய ஐந்து பேரை வள்ளுவர் அங்கே வரிசைப்படுத்துகிறார். முதலில் வருவது தென்புலத்தார். இறந்துபோன நம் முன்னோர்கள். தெய்வமே அதற்கு அடுத்துத்தான். "நம்ம மரபுல செத்தவங்களுக்கு இருக்கிற இடம் அது. நீ அந்தப் புள்ளைக்குக் காட்டினது வேற இடம்" என்றார்.

இந்தப் பாடத்தில் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளிடம் இறந்தவரையும் பேயையும் ஒன்றாக்கிப் பேசக்கூடாது. வகுப்பில் யார் வீட்டில் இழப்பு நடந்திருக்கிறது என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயம் கெட்டதா?

அப்படியென்றால் பேய்க்கதையே வேண்டாமா? நானும் அந்த முடிவுக்குத்தான் வந்தேன். டீச்சரம்மாதான் தடுத்தார். "கதை சொல்றத விடாத. சொல்ற விதத்த மாத்து" என்றார்.

யோசித்துப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பயத்தை நாம் புதிதாகக் கொடுக்க வேண்டியதே இல்லை. அது ஏற்கெனவே அவர்களிடம் இருக்கு. மூன்றிலிருந்து ஆறு வயசுவரை இருட்டு, கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஏதோ ஒன்று, இவற்றுக்குப் பயப்படுவது இயல்பு. கற்பனைக்கும் நிஜத்துக்கும் இடையில் கோடு போட அந்த வயசில் முழுசாகத் தெரியாது. "சும்மா கதைதானே" என்று நாம் சொல்வது பத்து வயசுப் பிள்ளைக்குப் புரியும். ஐந்து வயசுக்காரன் அந்தக் கதைக்குள்ளேயே இருப்பான்.

என் சொந்தக் கதை ஒன்று. 2006 டிசம்பரிலும் மறுபடி 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி பட்டணத்தை வெள்ளம் மூழ்கடித்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அப்போது மூன்று வயசு. நிவாரண மையமாக இருந்த ஒரு மண்டபத்தில் படுத்திருந்தோம். கரண்ட் இல்லை. மழை நிற்கவில்லை. நான் அழுதுகொண்டே இருந்தேனாம். தாத்தா ஒரு டார்ச் லைட்டை வைத்துச் சுவரில் கைநிழலால் நாய் காட்டினார், மான் காட்டினார். பிறகு டார்ச்சை என் கையில் கொடுத்து, "நீ காட்டு" என்றார். வெள்ளத்தைப் பற்றி எனக்கு வேறெதுவும் ஞாபகம் இல்லை. சுவரில் தெரிந்த அந்த நாய் மட்டும் ஞாபகம் இருக்கு.

தாத்தா என்ன செய்தார்? பயத்தை இல்லை என்று சொல்லவில்லை. வெளிச்சத்தை என் கையில் கொடுத்தார். நான் முதல் வாரத்தில் செய்ததற்கு நேர் எதிர். நான் டார்ச்சை என் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

நம்ம பேய்கள் யார்?

இரண்டாவது வாரத்துக்காக நான் தேர்ந்தெடுத்தவை இவை. நீங்களும் பயன்படுத்தலாம்.

முதலாவது, பிள்ளையார். அவர் பெயரே கணபதி. கணங்களுக்குத் தலைவர். சிவபெருமானைச் சுற்றியிருக்கும் பூதகணங்கள் குட்டையும் நெட்டையுமாக, பெரிய வயிறும் உருண்டைக் கண்ணுமாகக் கோயில் சுவர்களில் மத்தளம் அடித்து ஆடிக்கொண்டிருக்கும். "பூதங்களுக்கெல்லாம் வகுப்புத் தலைவர் யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையார் என்று தெரிந்ததும் நாலு வயசுப் பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிடும். மிகச் சின்னவர்களுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, காரைக்கால் அம்மையார். 63 நாயன்மார்களில் ஒருவர். இயற்பெயர் புனிதவதி. இறைவன் அருளால் இவர் கையில் மாம்பழம் வந்ததைப் பார்த்துக் கணவர் பரமதத்தன் அஞ்சி, ஊரைவிட்டே போய்விடுகிறார். பிறகு அவரைக் கண்டபோது காலில் விழுகிறார். அதன்பின் அம்மையார், இந்த அழகு எனக்கு இனி வேண்டாம், பேய் வடிவம் தா என்று சிவனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார். கயிலாயத்தைக் காலால் மிதிக்கக்கூடாது என்று தலையாலே நடந்து போகிறார். எலும்பும் தோலுமாக வந்த அந்த உருவத்தைப் பார்த்து உமையம்மை யாரென்று கேட்க, சிவபெருமானோ அவரை "அம்மையே" என்று அழைத்தார் என்கிறது பெரியபுராணம். திருவாலங்காட்டில் இறைவன் ஆடுவதைப் பார்த்துப் பாடிக்கொண்டிருக்கும் வரம் அவருக்குக் கிடைத்தது. அவர் பாடிய அற்புதத் திருவந்தாதி இன்றும் நம்மிடம் இருக்கு.

ஏழு வயசுக்கு மேலே உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கதை சொன்னேன். பயங்கரமாகத் தெரியும் உருவத்துக்குள் அன்பு இருக்கலாம் என்பது இதில் இருக்கு. ஒருவரைத் தோற்றத்தை வைத்துக் கேலி செய்யாதே என்று தனியாக உபதேசம் செய்யத் தேவையே இல்லை. "சாமியே அவங்கள அம்மான்னு கூப்பிட்டுட்டாரு, அப்புறம் யாரு பயப்படுவா?" என்று ஒரு பெண் பிள்ளையே கேட்டுவிட்டாள்.

மூன்றாவது, விக்கிரமாதித்தன், வேதாளம். 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் வடமொழியில் எழுதிய கதாசரித்சாகரத்தில் இந்தக் கதைகள் இருக்கின்றன. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமா இதழ் மூலம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவை வீட்டுக்கதை ஆயின. கையில் வாள், தோளில் தொங்கும் வேதாளம்: அந்தப் படங்களை வரைந்து புகழ்பெற்றவர் 2020-ல் மறைந்த ஓவியர் சங்கர். அந்த இதழ்களின் பைண்டு செய்த பிரதிகள் தாத்தா பாட்டி அலமாரியில் கிடந்தால் எடுத்து வையுங்கள்.

வேதாளக் கதையின் சிறப்பு என்ன தெரியுமா? அந்தப் பேய் கேள்வி கேட்கும். கதையைச் சொல்லிவிட்டு, சரி எது தப்பு எது என்று கேட்கும். ராஜா பயந்து ஓடவில்லை, யோசித்துப் பதில் சொல்கிறார். பேய்க்கு முன்னால் யோசிக்க முடிகிறவனுக்குப் பயம் குறைந்துவிடும்.

நான் சொன்னது சிங்கத்தை உயிர்ப்பித்த சகோதரர்கள் கதை. நான்கு சகோதரர்கள். காட்டில் கிடந்த எலும்பை ஒருவன் பொருத்துகிறான், இன்னொருவன் சதை, மற்றொருவன் தோல், கடைசி ஆள் உயிர் கொடுக்கிறான். மூலக் கதையில் சிங்கம் எழுந்து எல்லோரையும் கொன்றுவிடும். பிள்ளைகளுக்காக அவர்களை மரத்தில் ஏற்றிவிட்டேன். பிறகு வேதாளத்தின் கேள்வி: யார் தப்பு? பிள்ளைகள் பத்து நிமிஷம் சண்டை போட்டார்கள். "உயிர் கொடுத்தவன்தான்!" "இல்ல, எலும்ப எடுத்து வெச்சவன்தான், அவன் எடுக்கலேன்னா ஒண்ணுமே நடந்திருக்காது!" ராஜா சொல்லும் விடை, உயிர் கொடுத்தவன்தான் தப்பு செய்தவன் என்பது. அதற்குள் சிங்கமாகத் தெரிந்துவிட்டதே! பொறியியல் படிக்கிற எனக்கும் அந்தக் கேள்வி வேண்டியதுதான். செய்ய முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் செய்துவிடலாமா?

எந்தக் கதையைச் சொல்லக்கூடாது என்பதும் முக்கியம். நம் ஊரிலேயே கம்போங் மக்காமில் 1699-ல் கொல்லப்பட்ட சுல்தான் மாமூட்டின் கல்லறை இருக்கிறது. ஒரு பலாச்சுளைக்காகக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி கொல்லப்பட்டதாகவும், அவள் கணவன் மெகாட் ஸ்ரீ ராமா பழிவாங்கியதாகவும் சொல்லப்படும் கதை ஜொகூர் முழுக்கத் தெரிந்தது. அதிகாரம், கோபம், நீதி பற்றி இடைநிலைப்பள்ளி மாணவர்களோடு பேச அருமையான கதை. ஆனால் பெரியவர்களுக்கே வயிறு கலங்கும். சின்னவர்களுக்கு வேண்டாம்.

முனீஸ்வரரை வைத்தும் பயம் காட்டாதீர்கள். தோட்டத்தில் நம் முன்னோர்களுக்குக் காவலாக நின்ற தெய்வம் அவர். மீசையும் அரிவாளும் நமக்காக, நமக்கு எதிராக அல்ல. "சாப்பிடலேன்னா பூச்சாண்டிகிட்ட புடிச்சிக் கொடுத்துருவேன்" என்பதையும் விட்டுவிடலாம். பூச்சாண்டி என்ற சொல்லையே திருநீறு பூசிய ஆண்டி என்று பிரித்துப் பொருள் சொல்வோர் உண்டு. அப்படிப் பார்த்தால் பாவம், யாரோ ஒரு சிவனடியாரை நாம் இத்தனை வருஷமாகப் பேயாக்கி வைத்திருக்கிறோம்!

இரண்டாவது வாரம்: நடத்திய விதம்

அக்டோபர் 26, சனிக்கிழமை. முதலில் பெற்றோர்களுக்குப் புலனத்தில் செய்தி அனுப்பினேன்: என்ன கதை, எத்தனை மணிக்கு, பிள்ளைக்கு ஏதாவது பயமோ வீட்டில் துக்கமோ இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள் என்று. மூன்று பேர் பதில் போட்டார்கள். அந்த மூன்றும் எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

நேரத்தை மாலை 6-க்கு மாற்றினேன். 6.45-க்கு முடித்துவிடலாம், வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும். மண்டபத்தின் ஒரு மூலையில் மட்டும் திரை போட்டு மங்கலாக்கினேன். கதவு திறந்தே இருந்தது. வேண்டாம் என்கிற பிள்ளை எழுந்து டீச்சரம்மாவிடம் போய் வண்ணம் தீட்டலாம், யாரும் கேலி செய்யக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பெரிய பிள்ளைகளுக்குக் காவல் வேலை கொடுத்தேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சின்னப் பிள்ளை. போன வாரம் மற்றவர்களைப் பயமுறுத்தியவன்தான் இந்த வாரம் மிகப் பொறுப்பான காவல்காரன்.

முதல் ஐந்து நிமிஷம் பிள்ளையார் பாட்டு. அடுத்த பத்து நிமிஷம் பூதகணங்கள். பிறகு சின்னவர்கள் பூதம் வரையப் போனார்கள். பெரியவர்களுக்கு வேதாளமும் அம்மையாரும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து நிழல் விளையாட்டு.

நிழல் விளையாட்டை எப்படிச் செய்வது என்று சொல்லிவிடுகிறேன். சுவரிலிருந்து 2 மீட்டர் தூரத்தில் டார்ச் லைட்டை வையுங்கள். டார்ச்சிலிருந்து 20 சென்டிமீட்டரில் கையைப் பிடித்தால் நிழல் 10 மடங்கு பெரிதாகும். 10 சென்டிமீட்டர் கை சுவரில் 1 மீட்டர் பேய்! அதே கையை 1 மீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோனால் நிழல் 2 மடங்குதான், 20 சென்டிமீட்டர். சுவரைத் தொட்டால் உங்கள் கை அளவுதான். கணக்கு சுலபம்: டார்ச்சிலிருந்து சுவருக்கு உள்ள தூரத்தை, டார்ச்சிலிருந்து கைக்கு உள்ள தூரத்தால் வகுத்தால் போதும்.

பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. டார்ச்சைப் பாட்டியோடு வந்திருந்த அந்த ஐந்து வயசுப் பையனிடம் கொடுத்தேன். முதலில் வாங்க மாட்டேன் என்றான். பிறகு வாங்கினான். என் கை சுவரில் பெரிய பேயாக நின்றது. "பேயைச் சின்னதாக்கணும்னா அக்கா எங்க போகணும்? நீ சொல்லு" என்றேன். "அங்க போ! இன்னும் போ! இன்னும்!" என்று சுவர்வரை என்னை விரட்டினான். பேய் என் கை அளவுக்கு வந்ததும் அவன் சிரித்தான். திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னான். எட்டு தடவை சுவருக்கு நடந்தேன்.

இன்னொரு செய்தியும் சொன்னேன். நம் செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கூகை என்ற ஆந்தையை வளர்ப்பார்கள். கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் அதன் வீடு. வெள்ளை முகம், சத்தமில்லாமல் பறக்கும், ராத்திரியில் வீறிட்டுக் கத்தும். முதல் வாரம் நான் சொன்ன பொந்தியானாக் கதையை நினைத்துப் பாருங்கள்! "அப்போ அது எலி புடிக்க வந்த ஆந்தையா?" என்று பெரிய பையன் ஏமாற்றத்தோடு கேட்டான். அதேபோல் ஜொகூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மினுக்கும் மின்மினிகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ கோத்தா திங்கிக்கு ஆட்கள் வருகிறார்கள். இருட்டு இல்லாவிட்டால் அந்த மின்மினியும் தெரியாது.

"பேய் நிஜமாவே இருக்கா, அக்கா?"

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். பொய் சொல்ல வேண்டாம், கேலியும் செய்ய வேண்டாம். நான் சொன்ன பதில் இது: "அக்கா பேயைப் பார்த்ததில்ல. பயத்தைப் பார்த்திருக்கேன். பயம் வந்தா மூணு வேலை செய்வேன். லைட்டைப் போடுவேன், சாமிய நினைச்சிக்குவேன், அம்மாகிட்ட போய்ச் சொல்லுவேன்." பிள்ளைகள் அதையே விரல்விட்டுத் திருப்பிச் சொன்னார்கள். இருட்டில் தனியாக இருக்கும் பிள்ளைக்குத் தத்துவம் உதவாது. அடுத்து என்ன செய்வது என்பதுதான் உதவும்.

தீபாவளி முடிந்து அடுத்த வகுப்பில், அந்த ஆறு வயசுப் பிள்ளை ஓடி வந்தான். "அக்கா, அப்பாவுக்கு மீ கோரிங் வெச்சோம். முட்டை போட்டு வெச்சோம்" என்றான். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் நான் சாப்பிட்டேன். அம்மா அழுதாங்க. நான் அழல" என்றான். பிறகு டார்ச் லைட் எங்கே என்று கேட்டான்.

இந்த வருஷமும் அக்டோபர் வரும். பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லுங்கள். ஆனால் வெளிச்சத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

கலந்து பேச

1. உங்கள் வீட்டில் தீபாவளிக்கு முந்தின நாள் யாருக்குப் படையல் வைக்கிறீர்கள்? அவரைப் பற்றிய ஒரு நல்ல நினைவைத் தம்பி தங்கைக்கு எப்படிச் சொல்வீர்கள்?

2. சின்ன வயசில் உங்களை எதைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள்? அந்தப் பயம் எப்போது, எப்படிப் போனது?

3. காரைக்கால் அம்மையார் ஏன் பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கினார்? அழகு பற்றி இன்று நாம் படும் கவலைக்கு அதில் என்ன பதில் இருக்கிறது?

4. உங்கள் வகுப்பில் அண்மையில் துக்கம் கண்ட பிள்ளை யாராவது உண்டா? இந்த வாரம் அந்தப் பிள்ளைக்காக நீங்கள் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம் என்ன?